ஸ்விட்சில் முன்னுரிமை: போர்ட்டா, டேக்கா, டிஎஸ்சிபியா?

மேனேஜ்டு ஸ்விட்சின் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய நெட்வொர்க் ஸ்விட்ச்) அமைப்புப் பக்கத்தில் கியூஓஎஸ் (எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் வசதி) மெனுவைத் திறந்ததும் முதலில் வரும் கேள்வி: எதை வைத்து முன்னுரிமை தர வேண்டும்? போர்ட்டை வைத்தா, ஈதர்நெட் டேக்கில் இருக்கும் 802.1பி எண்ணை வைத்தா, ஐபி தலைப்பில் இருக்கும் டிஎஸ்சிபி எண்ணை வைத்தா? டிபி-லிங்கின் எட்டு போர்ட் ஈஸி ஸ்மார்ட் ஸ்விட்ச் முதல் சிஸ்கோ கேட்டலிஸ்ட் வரை இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். அதற்குப் பதில் சொன்னதும் இரண்டாவது கேள்வி வரும். வரிசையில் நிற்கும் பாக்கெட்டுகளை எந்த முறையில் வெளியே அனுப்புவது? மேல் வரிசைக்கே எப்போதும் முதலிடம் தரும் ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டியா, எடைக்கேற்ப எல்லா வரிசைக்கும் முறை வைத்து வாய்ப்புத் தரும் வெயிட்டட் ரவுண்ட் ராபினா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடையாளத்துக்கு, முடிந்த இடத்திலெல்லாம் டிஎஸ்சிபி. வெளியே அனுப்ப, ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் ஸ்ட்ரிக்ட், மற்றவற்றுக்கு வெயிட்டட். அந்த ஸ்ட்ரிக்ட் வரிசைக்குள் மெல்லிய, அதாவது குறைந்த இடமே பிடிக்கும், போக்குவரத்தை மட்டும்தான் விட வேண்டும். எது முக்கியம் என்று பார்ப்பதை விட எது மெல்லியது என்று பார்ப்பதுதான் சரி என்ற முடிவுக்கு நான் வந்ததற்கு ஒரு அலுவலக வேலைதான் காரணம்.

அங்கே இரண்டு கட்டடங்கள். முன் கட்டடத்தில் தொலைபேசி சர்வரும் கேமரா ரெக்கார்டரும். பின் கட்டடத்தில் 18 ஐபி போன்கள், 20 கேமராக்கள், பத்துப் பதினைந்து கணினிகள். இரண்டுக்கும் நடுவில் ஃபைபர் இருந்தது. ஆனால் இரு முனையிலும் இருந்தவை 100 மெகாபிட் மீடியா கன்வர்ட்டர்கள் (ஃபைபரைச் செப்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டிகள்). "தம்பி, போன்ல குரல் விட்டு விட்டுத்தான் வருது. மத்தியானம் பில் போடுற ஸ்க்ரீனே நின்னுடுது" என்றார் அங்கே கணக்குப் பார்ப்பவர். ஸ்விட்சுக்குள் போய்ப் பார்த்தேன். கியூஓஎஸ் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. போன், கேமரா இரண்டையும் உச்ச வரிசையில் போட்டு, ஸ்ட்ரிக்ட் வைத்திருந்தார்கள். இரண்டும் முக்கியம் என்று நினைத்துச் செய்தது. அந்த எண்ணத்தில் தவறே இல்லை. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருந்தது.

ஒரு கேமராவுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்றால் 20 கேமராவுக்கு 80 மெகாபிட். குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் ஒரு அழைப்பு 20 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட், அதாவது நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், ஐபி, யூடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட், ஈதர்நெட் 18 பைட். கூட்டிப் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட். பதினெட்டுப் போனிலும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு திசையில் 1.6 மெகாபிட்டைத் தாண்டாது. இந்த 1.6-ஐயும் அந்த 80-ஐயும் ஒரே வரிசையில் நிறுத்தினால் கேமராவின் முழுப் படச் சட்டகங்கள் கொத்தாக வரும்போது பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) நிரம்பி, பின்னால் வரும் குரல் பாக்கெட் விழுந்துவிடும், அதாவது தொலைந்துபோகும். பில் மென்பொருளோ கீழ் வரிசையில், மேலே இடம் காலியாகும்வரை காத்து நிற்கும். திருவிழா நாளில் எல்லோரும் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கினால் என்ன ஆகுமோ, அதேதான் அந்த அப்லிங்கில் (ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் இணைப்பு) நடந்துகொண்டிருந்தது.

சரி, இனி அடையாள முறைகளை ஒன்றுக்கொன்று எதிரே வைத்துப் பார்ப்போம்.

போர்ட் வழி முன்னுரிமை மூன்றிலும் எளியது. 5-ஆவது போர்ட்டில் நுழைவதெல்லாம் உயர்வரிசை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பாக்கெட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஸ்விட்ச் பார்ப்பதில்லை. இதைக் கீழாக நினைக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேமரா, கதவுப் பூட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, வருகைப் பதிவுக் கருவி போன்றவை ஒரு போர்ட்டில் மாட்டினால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். அவற்றில் பல, பாக்கெட்டில் எந்த அடையாளமும் போடாமல்தான் அனுப்பும். ஒரே ஸ்விட்ச், பத்துக் கருவி என்றால் இதுவே போதும்.

இரண்டு இடங்களில் இது கைவிட்டுவிடும். ஐபி போனின் பின்பக்க சாக்கெட்டில் கணினியைச் செருகியிருந்தால் குரலும் கணினியின் கோப்புகளும் ஒரே போர்ட்டில் வருகின்றன. ஸ்விட்சுக்கு இரண்டும் ஒன்றுதான். அடுத்தது, இரண்டாவது ஸ்விட்ச். முதல் ஸ்விட்ச் உயர்வரிசை தந்தது இரண்டாவதுக்குத் தெரியாது. அங்கே எல்லாமே அப்லிங்க் என்ற ஒரே போர்ட் வழியாக வந்து சேர்கின்றன. ஸ்விட்ச் இரண்டானதும் பாக்கெட்டே தன் அடையாளத்தைச் சுமந்து வர வேண்டியிருக்கிறது.

அதைச் சுமக்கும் முதல் வழி 802.1பி. வீலானுக்காக (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் முறை) ஈதர்நெட் பிரேமில் செருகப்படும் 4 பைட் டேக்கில் 3 பிட் இதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். தனித் தரமாக வெளிவராமல் 802.1டி-யின் 1998 பதிப்போடு சேர்ந்து வந்தது இது. இதில் பலரைத் தடுக்கி விழவைக்கும் ஒரு விஷயம் உண்டு. எண் ஏற ஏற முன்னுரிமை ஏறும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் 1 என்பது பின்னணி வேலைக்கான எண். அது 0-வுக்கும் கீழே. சாதாரணப் போக்குவரத்துக்கு 0, பேக்கப்புக்கு 1 என்பதுதான் முறை. ஏதோ ஒன்றைச் 'சற்று மேலே தூக்க' 1 போட்டவர், அதை எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளியிருப்பார்.

நான்கு வரிசை மட்டுமே உள்ள ஸ்விட்சில் இன்னொரு சிக்கல். 1998 பட்டியலைப் பின்பற்றும் ஸ்விட்சில் 1, 2 இரண்டும் அடி வரிசை. 0, 3 அடுத்தது. 4, 5 அதற்கு மேல். 6, 7 உச்சம். வழக்கமாகக் குரலுக்கு 5, வீடியோவுக்கு 4. இந்தப் பட்டியலில் இரண்டும் ஒரே வரிசையில் போய் விழுகின்றன. நான் பார்த்த அலுவலகத்தில் ஒருவர் கையால் செய்துவைத்த குழப்பம் இங்கே தானாகவே நடந்துவிடும். அதனால் எந்த எண் எந்த வரிசைக்குப் போகிறது என்ற பட்டியலைத் திறந்து பார்க்காமல் 802.1பி-யை நம்பக் கூடாது.

டேக் இருக்கும்வரைதான் இந்த எண்ணும் இருக்கும். டேக் இல்லாத போர்ட் வழியே வெளியே போனால் இரண்டும் சேர்ந்தே கழன்றுவிடும். ரூட்டரைத் தாண்டி இன்னொரு வலைக்குப் போகும்போதும் அப்படியே, ரூட்டரில் தனியாகச் சொல்லிவைத்தால் ஒழிய. வீலான் பிரிக்காத அலுவலகத்தில் இது பெரும்பாலும் பயன்படாது.

ஆனால் போனுக்குப் பின்னால் கணினி இருக்கும் அந்த இடத்தில் 802.1பி-தான் ஜெயிக்கிறது. போன் தன் குரலை டேக்கோடு, 5 என்று எழுதி அனுப்புகிறது. கணினி டேக் இல்லாமல் அனுப்புகிறது. ஸ்விட்ச் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். பிரிவு தானாகவே அமைந்துவிடுகிறது. போனுக்கு எந்த வீலான், எந்த எண் என்பதை எல்எல்டிபி-மெட் என்ற அறிவிப்பு முறை வழியாக ஸ்விட்சே சொல்லிக்கொடுக்கும், ஒவ்வொரு போனாகப் போய்த் தட்ட வேண்டியதில்லை. அந்த அறிவிப்பில் டிஎஸ்சிபி எண்ணையும் சேர்த்தே அனுப்பலாம்.

டிஎஸ்சிபி இன்னும் ஒரு அடுக்கு உள்ளே, ஐபி தலைப்பில் இருக்கிறது. பழைய டைப் ஆஃப் சர்வீஸ் பைட்டை 1998 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 2474 என்ற இணையத் தர ஆவணம் மாற்றியமைத்து, 6 பிட்டை இதற்குக் கொடுத்தது. 64 மதிப்புகள். குரலுக்கு 46, வீடியோ அழைப்புக்கு 34, அழைப்பை ஏற்படுத்தும் சிக்னலுக்கு 24 என்பவை பரவலாகப் புழங்கும் எண்கள். வீலான் மாறினாலும், டேக் கழன்றாலும், ரூட்டர் தாண்டினாலும் இந்த எண் பாக்கெட்டோடு போகும். இரண்டு கட்டடம், நடுவில் ரூட்டர், அந்தப் பக்கம் வைஃபை என்று நீளும் வலையில் இதற்கு ஈடு இல்லை. இணைய சேவை நிறுவனத்தின் எல்லைக்கு அப்பால் இதை மதிப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நம் வேலிக்குள் இது உறுதியானது, அவ்வளவுதான்.

இதன் பலவீனம் நம்பிக்கை சார்ந்தது. லினக்ஸ் கணினியில் எந்த நிரலும் தன் பாக்கெட்டில் 46 என்று எழுதிக்கொள்ள முடியும். டிஎஸ்சிபியை நம்பு என்று ஒரு போர்ட்டில் சொன்னால், அங்கே இருக்கும் கருவி எழுதுவதையெல்லாம் ஸ்விட்ச் ஏற்றுக்கொள்ளும். அதனால் நம்பும் எல்லையை முதலில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். போன் போர்ட், அப்லிங்க், சர்வர் ஆகியவற்றில் நம்பலாம். பொதுக் கணினி, விருந்தினர் போர்ட்டில் எண்ணை 0 ஆக்கிவிடலாம்.

எண்களிலும் சில பொறிகள் உண்டு. சில போன்களின் அமைப்பில் டிஎஸ்சிபி கேட்பார்கள், சிலவற்றில் முழு பைட்டைக் கேட்பார்கள். 46-ஐ முழு பைட்டாக எழுதினால் 184. பைட் கேட்கும் இடத்தில் 46 என்று போட்டால் பாக்கெட்டில் 11 என்றுதான் போகும். ஸ்விட்ச் அதைக் குரல் என்று அறியாது. பழைய கேட்டலிஸ்டுகளில் 802.1பி எண்ணை டிஎஸ்சிபியாக மாற்றும் பட்டியல் வெறும் எட்டால் பெருக்கல். 5 என்பது 40 ஆகிவிடும், 46 ஆகாது. அடுத்த ஸ்விட்ச் 46-ஐ மட்டும் தேடினால் குரல் சாதாரண வரிசைக்குப் போய்விடும். வைஃபையிலும் இதே கதை. 46-இன் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்துப் பார்க்கும் கருவிக்கு அது 5. வைஃபையில் 5 வீடியோ வகை; குரல் வகைக்கு 6 அல்லது 7 வேண்டும். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325, 46-ஐ 6-ஆக மாற்றச் சொல்கிறது. அக்சஸ் பாயின்ட்டில் அந்தப் பட்டியலைத் திருத்த இடமிருந்தால் திருத்திவிடுங்கள்.

அப்புறம் இரண்டாவது கேள்வி. ஸ்ட்ரிக்ட்டில் மேல் வரிசையில் ஒரு பாக்கெட் இருந்தாலும் அதுதான் முதலில் போகும். கீழ் வரிசை எவ்வளவு நேரம் நின்றாலும் சரி. அதிகபட்சம், ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் ஒரு பெரிய பாக்கெட் முடியும்வரைதான் குரல் காத்திருக்கும். 1518 பைட் பிரேம் 100 மெகாபிட்டில் போக 0.12 மில்லி நொடி ஆகும், ஒரு கிகாபிட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு. வெயிட்டட் முறையில் ஒவ்வொரு வரிசைக்கும் முறை வைத்து வாய்ப்பு. 1:2:4:8 என்ற எடையில் சுற்றி வந்தால் யாரும் பட்டினி கிடப்பதில்லை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. எடையைப் பாக்கெட் எண்ணிக்கையில் எண்ணும் ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்வோம். 8 எடை குரலுக்கு, 1 எடை பேக்கப்புக்கு. ஒரு சுற்றில் எட்டுக் குரல் பாக்கெட், தலா 218 பைட்: 1744 பைட். பேக்கப்பின் ஒரே பாக்கெட் 1518 பைட். எட்டுக்கு ஒன்று என்று எழுதிவைத்தது பைட் கணக்கில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆகிவிடுகிறது. இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் எம். ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் 1995-இல் டெஃபிசிட் ரவுண்ட் ராபின் முறையை முன்வைத்தார்கள். அதில் ஒவ்வொரு வரிசைக்கும் பைட்டில் கணக்கு. இந்தச் சுற்றில் மிச்சமானது அடுத்த சுற்றுக்குச் சேரும். உங்கள் ஸ்விட்சில் அந்தத் தேர்வு இருந்தால் வெயிட்டட்டுக்குப் பதில் அதையே எடுங்கள்.

ஆனால் வெறும் தாமதத்தை மட்டும் பார்த்தால், போனுக்கு ஸ்ட்ரிக்ட் கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். 1:2:4:8-இல் மற்ற மூன்று வரிசைகளும் சேர்ந்து ஒரு சுற்றில் ஏழு பாக்கெட் அனுப்பலாம். 100 மெகாபிட்டில் அது 0.85 மில்லி நொடி. ஐடியூ-டி என்ற சர்வதேசத் தொலைத்தொடர்புத் தர அமைப்பின் ஜி.114 பரிந்துரை, பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் போதும் என்கிறது. அதில் ஒரு மில்லி நொடி ஒன்றுமே இல்லை. அலுவலக வலைக்குள் குரலைக் கெடுப்பது பெரும்பாலும் தாமதம் அல்ல, விழுந்துபோகும் பாக்கெட். அதைத் தடுக்கக் குரலுக்குத் தனி வரிசையும் தனி பஃபரும் வேண்டும். தனி வரிசை கிடைத்துவிட்டால் வெயிட்டட்டே பாதி வேலையை முடித்துவிடும். அப்படியிருந்தும் நான் ஸ்ட்ரிக்ட் வைப்பதற்குக் காரணம், 1.6 மெகாபிட்டை முன்னால் விடுவதால் யாருக்கும் நட்டமில்லை, எடையைச் சரிபார்க்கும் வேலையும் மிச்சம்.

ஸ்ட்ரிக்ட் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒலி அரங்குகள். ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனத்தின், ஒலியை நெட்வொர்க் வழியே அனுப்பும் டான்டே முறையில் ஒலிக் கருவிகள் எல்லாம் ஒரே கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும். தாமத அமைப்பே ஒரு மில்லி நொடி, அதற்கும் கீழே 0.25 வரை இருக்கும். அங்கே 0.85 மில்லி நொடி என்பது பெரிய தொகை. டான்டே கடிகாரப் பாக்கெட்டுக்கு 56, ஒலிக்கு 46 என்று எழுதுகிறது. நான்கு வரிசை, ஸ்ட்ரிக்ட் என்றே அவர்களும் கேட்கிறார்கள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், அதே வேலைக்கான ஏஇஎஸ்67 தரத்தில் கடிகாரத்துக்கு 46, ஒலிக்கு 34. இரண்டையும் ஒரே வலையில் கலந்தால் ஒன்றின் கடிகாரமும் மற்றொன்றின் ஒலியும் ஒரே வரிசையில் நிற்கும். அதே வலையில் ஐபி போனும் இருந்தால் அதுவும் 46 என்று வந்து சேரும். அப்படிப்பட்ட அரங்கில் போனை வேறு ஸ்விட்சுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது.

எதைத் தேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வரிசை உண்மையில் எங்கே உருவாகிறது? 50 மெகாபிட் இணைய இணைப்பு, ஸ்விட்சிலிருந்து ரூட்டருக்கு ஒரு கிகாபிட் கேபிள் என்றால் ஸ்விட்சில் வரிசையே வராது. நெரிசல் முழுக்க ரூட்டரில். ஸ்விட்சில் நாள் முழுக்க எண்ணை மாற்றினாலும் வெளி அழைப்பில் எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ரேடியோ இணைப்பு இருந்தாலும் இதே நிலைமை. போர்ட் 100 மெகாபிட் என்று காட்டும், காற்றில் போவது 60-தான் இருக்கும். அப்போது அந்த போர்ட்டின் வெளியேறும் வேகத்தை 60-க்குச் சற்றுக் கீழே கட்டிவைத்தால்தான் வரிசை ஸ்விட்சுக்கு வரும், முன்னுரிமைக்கு வேலை கிடைக்கும்.

802.3எக்ஸ் ஃப்ளோ கன்ட்ரோலையும் நிறுத்திவிடுங்கள். எதிர்முனை 'நில்' என்று அனுப்பும் பாஸ் (pause) பிரேம் வரிசை பார்ப்பதில்லை. குரலும் சேர்ந்தே நின்றுவிடும்.

கேட்டலிஸ்ட் 2960 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் கியூஓஎஸ் ஆரம்பத்தில் அணைந்திருக்கும். இயக்கிய அந்த நொடியிலேயே எந்தப் போர்ட்டையும் நம்பாமல் எல்லா டிஎஸ்சிபி எண்ணையும் 0 ஆக்கத் தொடங்கிவிடும். அதோடு வெளியேறும் பஃபர் நான்கு வரிசைக்கும் கால் கால் பங்காகப் பிரியும். எண் இல்லாத சாதாரணப் போக்குவரத்து முழுவதும் ஒரே வரிசையில், அந்தக் கால் பஃபருக்குள் நெருக்கப்படும். முன்பு விழாத பாக்கெட்டுகள் விழத் தொடங்கும். கியூஓஎஸ் போட்டதும் வலை மெதுவாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பஃபர் பங்கையும் நம்பும் போர்ட்டுகளையும் சேர்த்தே அமைக்காமல் அதை இயக்கவே கூடாது. கேட்டலிஸ்ட் 9000 வரிசை இதற்கு நேர் எதிர். வந்த எண்ணை ஆரம்பத்திலிருந்தே நம்பும். அங்கே கவனிக்க வேண்டியது, யாரை நம்பக் கூடாது என்பதை.

இதற்கெல்லாம் போட்டியாக இன்னொரு வழியும் உண்டு: மீடியா கன்வர்ட்டரைத் தூக்கிவிட்டு ஒரு கிகாபிட் எஸ்எஃப்பி (ஸ்விட்சிலேயே செருகும் ஃபைபர் மாட்யூல்) போடுவது. 80 மெகாபிட் கேமராவுக்கு அது தாராளம். காசு இருந்தால் அதைத்தான் முதலில் செய்வேன். ஆனால் பெரிய குழாயிலும், ஒரே நேரத்தில் மூன்று கணினிகள் சர்வருக்கு எழுதும் சில மில்லி நொடிகளுக்கு பஃபர் நிரம்பத்தான் செய்யும். அந்தச் சில மில்லி நொடிக்காகக் குரலுக்குத் தனி வரிசை அப்போதும் வேண்டும்.

அந்த அலுவலகத்தில் அன்றைக்கே கன்வர்ட்டரை மாற்ற வழியில்லை. போன்களுக்கு எல்எல்டிபி-மெட் வழியாகக் குரல் வீலானும் 46-உம் அறிவிக்கச் செய்தேன். 46 மட்டும் ஸ்ட்ரிக்ட் வரிசை. கேமராக்கள் எதுவும் எழுதாமல் அனுப்பியதால் அவற்றின் போர்ட்டிலேயே 802.1பி 4 என்று போட்டு, வெயிட்டட்டில் பெரிய எடை. பில் மென்பொருளும் மற்றதும் அடுத்த எடை. பேக்கப்புக்குக் கடைசி. ஸ்விட்சின் பட்டியலில் 4-உம் 5-உம் ஒரே வரிசையில்தான் இருந்தன. 5-ஐ மேலே ஏற்றினேன். கேமராவின் பிட் வேகத்தையும் 4-லிருந்து 3 மெகாபிட்டுக்கு இறக்கச் சொன்னேன். 20 கேமராவுக்கு 60 ஆனதும் மற்றவர்களுக்கு 40 கிடைத்தது. எடைகளால் கிடைத்ததை விட இதில் கிடைத்த நிம்மதி அதிகம்.

பிறகு செயற்கையாகப் போக்குவரத்தை உண்டாக்கும் ஐபெர்ஃப்3 நிரலை வைத்து அப்லிங்கை வேண்டுமென்றே நிரப்பிவிட்டுப் பின் கட்டடத்துப் போனிலிருந்து முன் கட்டடத்துக்கு அழைத்துப் பத்து நிமிடம் பேசினோம். ஸ்விட்சில் வரிசை வாரியாகக் கைவிடப்பட்ட பாக்கெட் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அடி வரிசையில் ஆயிரக்கணக்கில் ஏறியது. ஸ்ட்ரிக்ட் வரிசையில் 0 என்றே நின்றது. கணக்குப் பார்ப்பவர் எட்டிப் பார்த்து, "இந்தப் பூஜ்யம் தான் நல்லதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.